கொடையும் கணக்கும்

பொதுப்பணம் ஓர் ஊரை வந்தடையும்போது இரண்டு வினாக்களும் உடன் வருகின்றன. கொடுத்தவர் யார் என்பது ஒன்று; கொடுத்தது என்ன ஆயிற்று என்பது மற்றொன்று. முதல் வினாவிற்கு விடை எழுத எக்காலத்தும் ஆட்கள் இருந்துள்ளனர். கல்லும் செம்பும் பளிங்கும் அவ்விடையைத் தாங்கி நிற்கின்றன. இரண்டாம் வினாவிற்குரிய விடையோ அத்துணை எளிதில் எழுதப்படுவதில்லை. எழுதப்பட்டாலும் பேழைக்குள் பூட்டப்படுகிறது. கொடையை அறிவிப்பதற்கும் கணக்கை வெளியிடுவதற்கும் இடையே உள்ள தொலைவைக் கடக்க நம் நாடு நெடுங்காலம் நடந்திருக்கிறது. அந்நடையின் வரலாற்றைச் சுருங்க உரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கல்லில் வெட்டிய கொடை

தஞ்சைப் பெருவுடையார் கோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி வருவோர், அங்கே வரிவரியாக ஓடும் எழுத்துகளைக் காணாமல் இருத்தல் இயலாது. முதலாம் இராசராசன் தன் 26ஆம் ஆட்சியாண்டின் 20ஆம் நாளில், அஃதாவது 1010ஆம் ஆண்டினை ஒட்டி, ஓர் ஆணை பிறப்பித்தான். தான் கொடுத்தவையும், தன் தமக்கையார் குந்தவையார் கொடுத்தவையும், தேவியர் கொடுத்தவையும், ஏனையோர் கொடுத்தவையும் ஸ்ரீவிமானத்துக் கல்லிலே வெட்டப்பட வேண்டும் என்பது அவ்வாணை. மன்னன் கொடையும் பிறர் கொடையும் ஒரே சுவரில், ஒரே எழுத்தில் இடம்பெற்றன என்பது எண்ணத்தக்கது.

அக்கல்வெட்டுகள் புகழ்மொழியோடு நின்றுவிடவில்லை. பொற்கலங்களின் எடை, ‘ஆடவல்லான்’ எனப் பெயரிய நிறைகல்லால் நிறுத்துச் சொல்லப்படுகிறது. செப்புத் திருமேனிகளின் உயரம் முழத்தாலும் விரலாலும் அளந்து குறிக்கப்படுகிறது. கோயிலுக்கு விடப்பட்ட ஊர்களின் பரப்பைக் கூறுமிடத்து, ஊர்நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு ஆகியன கழிக்கப்பட்டு, எஞ்சிய நிலத்திற்குரிய நெல் எவ்வளவு என்பது கணக்கிடப்படுகிறது. 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்கள் அவரவர் மனையோடு நிரல்படப் பொறிக்கப்பட்டுள்ளன. பங்கு ஒன்றுக்கு ஆண்டுதோறும் 100 கலம் நெல் என்பதும் அங்கேயே உள்ளது. விளக்கு ஒன்றுக்கு 96 ஆடுகள் வீதம் பெற்றுக்கொண்ட இடையர்கள் நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும் என்பதும், அவர்தம் பெயர்களும் கல்லில் நிற்கின்றன. பெற்றவர் யார், எவ்வளவு பெற்றார், அதற்கு ஈடாக என்ன செய்யக் கடவார் என்னும் மூன்றும் ஊரறிய எழுதப்பட்ட சான்று அது.

ஆயினும் அதன் எல்லையையும் நாம் காணல் வேண்டும். நெய் அளக்கப்பட வேண்டும் என்று கல் கூறுகிறது. அளக்கப்பட்டதா என்று கூறவில்லை. 100 கலம் நெல் உரியது என்று கூறுகிறது. அந்நெல் அவ்வாண்டில் அப்பெண்ணின் மனையை அடைந்ததா என்று கூறவில்லை. மேலும் அக்காலத்தில் எழுத்தறிந்தோர் சிலரே. தன் பெயர் கல்லில் இருப்பதைத் தானே படித்தறிய இயலாதவர் பலராய் இருந்திருத்தல் வேண்டும்.

இரண்டாம் வினாவிற்கு விடை தேடிய சான்று ஒன்று தஞ்சைக்கு ஏறத்தாழ 90 ஆண்டுகள் முற்பட்டது. முதலாம் பராந்தகனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளில், அஃதாவது 919, 921ஆம் ஆண்டுகளில், உத்தரமேரூர்ச் சபையார் குடவோலை முறைக்குரிய விதிகளைக் கல்லில் பொறித்தனர். வாரியத்தில் இருப்பதற்கு உரிய நிலம், மனை, அகவை, கல்வி ஆகிய தகுதிகளை அவ்விதிகள் கூறுகின்றன. வாரியப் பணி 360 நாள் என வரையறுக்கின்றன. அவற்றோடு, முன்னர் வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவரும், அவர்தம் நெருங்கிய உறவினரும் குடவோலைக்கு உரியர் ஆகார் என்றும் விலக்குகின்றன. கணக்குக் காட்டாமை ஒருவரோடு முடியும் குற்றமன்று, குடும்பத்தையே பொதுப்பணியிலிருந்து விலக்கும் குற்றம் என அச்சபை கருதியது. நிலமும் கல்வியும் உடைய பிராமணர்தம் சபை அது. ஊரார் அனைவர்க்கும் அதில் இடம் இருந்ததில்லை. கணக்குக் கேட்கும் உரிமை அவ்வட்டத்திற்கு உள்ளேயே நின்றது. எனினும் கொடையோடு கணக்கும் கல்லேறியது என்பது சிறிய செய்தியன்று.

மறைவே விதியான காலம்

ஆங்கிலேயர் ஆட்சியில் கணக்கு எழுதும் கலை வளர்ந்தது. கணக்கைக் காட்டும் வழக்கம் வளரவில்லை. 1889இல் தோன்றி, 1923இல் விரிவாக்கப்பட்ட அரசாங்க இரகசியங்கள் சட்டம், அலுவலகத் தாள் எதனையும் வெளியார்க்குக் காட்டுதல் குற்றமாகலாம் என்னும் அச்சத்தை ஊழியர் நெஞ்சில் ஊன்றியது. விடுதலைக்குப் பின்னரும் அச்சட்டம் நீங்கவில்லை. தணிக்கை உண்டு, தணிக்கை அறிக்கை நாடாளுமன்றத்திலும் சட்டமன்றங்களிலும் வைக்கப்படுவதும் உண்டு. ஆனால் ஓர் ஏரிக்கரையில் மண் சுமந்த பெண், தன் பெயரில் எத்தனை நாள் கூலி எழுதப்பட்டது என்று அறிய வேண்டுமாயின் அவளுக்கு அங்கே வழியில்லை.

நீதிமன்றம் கொள்கையளவில் கதவைத் திறந்தது. 1975இல் உத்தரப் பிரதேச அரசுக்கும் ராஜ் நாராயணுக்கும் இடையே நடந்த வழக்கில், பொதுப்பணியாளர் பொதுநிலையில் செய்யும் ஒவ்வொரு செயலையும் அறியும் உரிமை மக்களுக்கு உண்டு என்று உச்சநீதிமன்ற நீதிபதி மாத்யூ உரைத்தார். 1981இல் எஸ். பி. குப்தா வழக்கும் அதனை வலியுறுத்தியது. உரிமை இருந்தது, அதனைக் கொண்டு ஒரு தாளைக் கேட்டுப் பெறும் முறைதான் இருந்ததில்லை. அம்முறையை வகுக்கும் பணியில் முன்னின்றவர்கள், எழுத்தறிவு குறைந்த வறண்ட நிலத்துக் கூலித் தொழிலாளர்கள்.

ராஜஸ்தானத்து ஊர்களில்

நடு ராஜஸ்தானத்தில் மழை பொய்த்த ஆண்டுகளில் அரசு வறட்சி நிவாரணப் பணிகளைத் தொடங்குவது வழக்கம். சாலை போடுதலும் குளம் வெட்டுதலும் அவற்றுள் முதன்மையானவை. வறட்சிப் பணி என்பதனாலேயே சட்டம் வரையறுத்த குறைந்த அளவுக் கூலியும் முழுமையாகக் கொடுக்கப்படவில்லை. அஜ்மீர் மாவட்டத்துச் சாலைப்பணி ஒன்றைப் பற்றிய வழக்கில், நிவாரணப் பணியாயினும் குறைந்த அளவுக் கூலி கொடுத்தே ஆகவேண்டும் என்று 1983இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்த பின்னும் கூலி குறைவாகவே வந்தது. ஏன் என்று கேட்டவர்க்கு, நீங்கள் செய்த வேலை அளவுப் புத்தகத்தில் அவ்வளவுதான் உள்ளது என்பது விடை. அப்புத்தகத்தைக் காட்டுங்கள் என்றால், அஃது அரசாங்க இரகசியம் என்பது மறுவிடை.

இவ்விரு விடைகளுக்கும் இடையே சிக்கியவர்களோடு வாழத் துணிந்தவர்களுள் ஒருவர் அருணா ராய். 1946இல் சென்னையில் பிறந்த அவர், 1968இல் இந்திய ஆட்சிப்பணியில் சேர்ந்து 1975இல் அதிலிருந்து விலகினார். 1987இல் நிகில் தே, சங்கர் சிங் ஆகியோருடன் இன்றைய ராஜ்சமந்து மாவட்டத்துத் தேவ்டூங்ரி என்னும் சிற்றூரில் ஒரு மண்வீட்டில் குடியேறினார். 1990 மே முதல் நாளன்று பீம் நகரில், அப்பகுதி உழவரும் தொழிலாளரும் கூடி மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்னும் அமைப்பைத் தோற்றுவித்தனர். கூலி கேட்டுத் தொடங்கிய அவ்வமைப்பு, கூலியின் திறவுகோல் கணக்கிலே உள்ளது என்பதைப் பட்டறிவால் உணர்ந்தது.

1994 டிசம்பர் 2ஆம் நாள், பாலி மாவட்டத்துக் கோட்கிரானா என்னும் ஊரில் முதல் ‘ஜன் சுன்வாய்’ நடந்தது. மக்கள் முன்னிலை விசாரணை எனலாம். ஊராட்சிப் பணிகளின் தாள்கள் முயன்று பெறப்பட்டன. ‘மஸ்டர் ரோல்’ எனப்படும் கூலிப் பட்டியல், பொருள் வாங்கிய சீட்டுகள், அளவுப் புத்தகப் பதிவுகள் ஆகியன ஊரார் நடுவே உரக்கப் படிக்கப்பட்டன. இன்னார் இத்தனை நாள் வேலை செய்து இவ்வளவு பெற்றார் என்று படித்தவுடன், அவ்வின்னாரே எழுந்து, நான் அப்பணிக்குச் செல்லவேயில்லை என்றுரைத்தார். இத்தனை வண்டிக் கல் இறக்கப்பட்டது என்று படித்தவுடன், வண்டியோட்டியவர் எண்ணிக்கையைத் திருத்தினார். முடிந்ததாக எழுதப்பட்ட கட்டடம் கூரையின்றி நிற்பதை ஊரே அறிந்திருந்தது. முடிந்ததாக எழுதப்பட்டிருப்பதை அன்றுதான் அறிந்தது.

தணிக்கை அலுவலர் காணாத பிழையைக் கையெழுத்திடவும் அறியாத மூதாட்டி கண்டது எங்ஙனம்? தணிக்கையர் சீட்டோடு சீட்டை ஒப்பிடுகிறார். கூட்டல் சரியாயின் கணக்குச் சரி. மூதாட்டியோ சீட்டை நிலத்தோடு ஒப்பிட்டாள். தன் ஊர்க் கிணற்றின் ஆழமும், தான் சுமந்த மண்ணும், இறந்தவர் பெயரும் அவளுக்குத் தெரியும். தாளில் உறங்கிய எழுத்து அவள் செவியை அடைந்த மாத்திரத்தில் மெய்யும் பொய்யும் பிரிந்தன. தஞ்சைக் கல்லில் குறைந்திருந்தது யாது என்பது இங்கே விளங்குகிறது. எழுதி வைப்பது வெளியிடுதலின் முற்பாதி. உரியவர் கேட்கும்படி படித்து, அவர் விடையைக் கேட்டு எழுதுவது அதன் பிற்பாதி.

கோட்கிரானாவைத் தொடர்ந்து பீம், விஜயபுரா, ஜவாஜா, தானா ஆகிய இடங்களில் 1995 ஏப்ரல் வரை இத்தகைய விசாரணைகள் நடந்தன. ஊராட்சிச் செயலர் சிலர் தாள்களைக் காட்ட மறுத்து வேலைநிறுத்தத்தில் இறங்கினர். ஊராட்சிப் பணிகளின் தாள்களுக்குப் படி பெறும் உரிமை குடிமக்களுக்கு உண்டு என்று மாநில முதலமைச்சர் பைரோன் சிங் செகாவத் 1995 ஏப்ரலில் அறிவித்தார். ஓராண்டு கடந்தும் ஆணை வரவில்லை. 1996 ஏப்ரல் 6ஆம் நாள் பியாவர் நகரின் சாங் வாயில் அருகே மக்கள் அமர்ந்தனர்; 40 நாள் அவ்விடம் விட்டு நகரவில்லை. ‘நம் பணம், நம் கணக்கு’ என்னும் பொருள்படும் இந்தி முழக்கம் அங்கிருந்தே நாடெங்கும் பரவியது. 1997இல் செய்ப்பூரில் மீண்டும் ஓர் அறப்போர் 50 நாள்களுக்கும் மேலாக நீண்டது. அதன் முடிவில் அரசு ஒரு செய்தியை வெளியிட்டது: படி பெறும் விதி முந்தைய டிசம்பர் இறுதியிலேயே அரசிதழில் வெளியாகிவிட்டதாம்! தெருவில் அமர்ந்திருந்தவர்க்கும் தெரியாது, செய்தித்தாளுக்கும் தெரியாது. வெளியிடுதலைப் பற்றிய விதியே வெளியாகாமல் வெளியான வேடிக்கை அது. அரசிதழில் அச்சிடுவதும் மக்களுக்கு அறிவிப்பதும் ஒன்றல்ல என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுமோ?

1998இல் நடந்த விசாரணைகளை அடுத்து ஊராட்சித் தலைவர் சிலர் தவறான செலவுக்குரிய பணத்தை மக்கள் முன்னிலையில் திருப்பிக் கட்டினர். 2001 ஏப்ரலில் ஜனாவத் ஊராட்சியின் கணக்குகள் நெடும் போராட்டத்திற்குப் பின் கிடைத்துப் படிக்கப்பட்டபோது, கட்டப்படாத பணிகள் பல கட்டப்பட்டதாகத் தாளில் நின்றமை வெளிப்பட்டது. அரசு அமைத்த விசாரணைக் குழுவும் முறைகேட்டை உறுதி செய்தது.

சட்டத்தின் வருகை

மாநிலங்களுள் முதலாவதாகத் தகவல் உரிமைக்குச் சட்டம் இயற்றிய பெருமை தமிழ்நாட்டிற்கு உண்டு. 1997ஆம் ஆண்டு அச்சட்டம் வந்தது. ஆயினும் தகவல் மறுக்கத்தக்க விலக்குகள் அதில் 20க்கும் மேல் இருந்தமையால், திறந்த கதவைவிடச் சாத்திய கதவுகள் மிகுதி என்று குறைகூறப்பட்டது. அவ்வாண்டே கோவாவும், 2000இல் ராஜஸ்தானும் சட்டம் இயற்றின. நாடாளுமன்றம் 2002இல் நிறைவேற்றிய தகவல் சுதந்திரச் சட்டம் நடைமுறைக்கு வராமலே மறைந்தது. இறுதியில் 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அவ்வாண்டு அக்டோபர் 12 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது.

கேட்டால் 30 நாளில் விடை கிடைக்கும் என்பதே அச்சட்டத்தைப் பற்றிப் பலரும் அறிந்தது. கேளாமலே வெளியிட வேண்டியவற்றை அதன் 4ஆம் பிரிவு கூறுகிறது. ஒவ்வோர் அமைப்பின் வரவு செலவுத் திட்டம், மானியத் திட்டங்கள் நடத்தப்படும் முறை, அவற்றுக்கு ஒதுக்கிய தொகை, பயன்பெறுவோர் விவரம், சலுகையும் உரிமமும் பெற்றவர் விவரம் ஆகியன அவற்றுள் அடங்கும். மக்கள் எளிதில் அறியும் வண்ணம், அவ்வப்பகுதி மொழியையும் கருதி, அறிவிப்புப் பலகை முதலிய வழிகளிலும் பரப்ப வேண்டும் என்று அப்பிரிவே வற்புறுத்துகிறது. அவ்வாண்டே இயற்றப்பட்ட தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, ஊரவையே சமூகத் தணிக்கை நடத்த வகை செய்தது. அதற்கென எல்லாத் தாள்களையும் ஊராட்சி காட்ட வேண்டும் என்றது. கோட்கிரானாவில் குறையாகக் கேட்டது, 11 ஆண்டுகளுக்குள் சட்டமாகத் திரும்பி வந்தது. 2017இல் மேகாலய மாநிலம் சமூகத் தணிக்கைக்கெனத் தனிச் சட்டமே இயற்றி நடைமுறைப்படுத்தியது. 2019இல் ராஜஸ்தான் அரசு, திட்டப் பயன்களை ஊர்வாரியாகக் காட்டும் பொதுத் தகவல் தளத்தைக் கணினிவழித் திறந்தது.

மன்றங்களுக்கும் உரிய கடமை

அரசுப் பணம் ஊராட்சி வழியாக மட்டும் சமூகத்தை அடைவதில்லை. கல்வி அறக்கட்டளைகளும், பண்பாட்டு மன்றங்களும், தொண்டு நிறுவனங்களும் மானியம் பெறுகின்றன. மானியம் பெற்ற அமைப்பு, செலவிட்டதற்குப் பயன்பாட்டுச் சான்றிதழ் தருதல் நெடுநாள் விதி. 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14ஆம் பிரிவின்படி, ஓர் அமைப்பு பெறும் மானியமோ கடனோ ஆண்டுக்கு 25 இலட்சம் ரூபாய்க்குக் குறையாமலும், அதன் மொத்தச் செலவில் 75 விழுக்காட்டிற்குக் குறையாமலும் இருப்பின், தலைமைக் கணக்குத் தணிக்கை அதிகாரி அதன் வரவு செலவைத் தணிக்கை செய்வார். ஆனால் சான்றிதழும் தணிக்கையும் கொடுத்தவரை நோக்கிச் செல்வன. யாருக்காகக் கொடுக்கப்பட்டதோ அவரை நோக்கி வருவன அல்ல.

இக்குறையை நிரப்பும் தீர்ப்பொன்று 2019 செப்டம்பரில் வந்தது. அரசின் நிதியுதவியைக் கணிசமாகப் பெறும் அரசு சாரா அமைப்பும் தகவல் உரிமைச் சட்டத்திற்குக் கட்டுப்பட்டதே என்று, டி.ஏ.வி. கல்லூரி அறக்கட்டளை வழக்கில் உச்சநீதிமன்றம் கூறியது. கணிசம் என்பது பாதிக்கு மேல் இருந்தே ஆகவேண்டும் என்பதில்லை. நகரத்தில் இலவசமாகவோ மிகக் குறைந்த விலைக்கோ தரப்பட்ட நிலமும் அவ்வுதவியாகலாம் என்றும் விளக்கியது.

நாடாளுமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டுத் திட்டம் 1993 டிசம்பரில் தொடங்கியது. அத்திட்டத்துப் பணியிடத்தில் செலவுத் தொகை, தொடங்கிய நாள், முடிந்த நாள், உறுப்பினர் பெயர் ஆகியவற்றைக் குறித்த பலகை நிலையாக அமைக்கப்பட வேண்டும் என்பது விதி. தெருவில் செல்வோர் கண்ணில் படுவது பெரும்பாலும் பெயரே. தொகை சிற்றெழுத்தில் ஒடுங்கிக் கிடக்கும். தொகை எதற்கெதற்குச் சென்றது என்பதற்குப் பலகையில் இடமேயில்லை. கொடையை அறிவிக்கும் பழைய பழக்கம் கணக்கின் இடத்தை இன்றும் கவர்ந்துகொள்கிறது.

மறுபுறத்தையும் எண்ணிப் பார்த்தல் நேர்மை. உதவி பெறும் ஏழையின் பெயரைச் சுவரில் எழுதுவது அவர் தன்மானத்தைப் புண்படுத்தாதோ என்று கேட்பர். தக்க கேள்வியே. நோயும் குடும்ப நிலையும் வங்கிக் கணக்கு எண்ணும் ஊரறிய வேண்டுவன அல்ல. ஆனால் பெயரும் தொகையும் மறைந்தால் பொய்ப்பெயரும் உடன் மறையும்; தன் பெயரால் பிறர் பெற்றதை அவ்வேழையே அறியாது போவார். 2023ஆம் ஆண்டு இயற்றப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் உரிமைச் சட்டத்தின் 8ஆம் பிரிவில் தனிநபர் தகவலைப் பற்றிய விலக்கை விரிவாக்கியது. பொதுநலன் மேலோங்குமிடத்துத் தகவல் தரலாம் என்னும் உட்பிரிவு நீங்கவில்லையாயினும், மறுப்பதற்கு எளிய வழி ஒன்று கிடைத்துவிட்டது என்னும் அச்சம் அடிப்படையற்றதன்று. அந்தரங்கம் எளியவர்க்குக் கவசமாக வேண்டும். கணக்குக் காட்ட வேண்டியவர்க்குத் திரையாகிவிடல் ஆகாது.

தமிழ்ச் சங்கங்களும் இவ்வரலாற்றிலிருந்து கொள்ளத்தக்கது உண்டு. நம் மலர்களில் நன்கொடையாளர் பெயர்கள் பக்கம் பக்கமாக அச்சாகின்றன. அது நன்றியின் கடன், குறைகூறத்தக்கதன்று. அப்பக்கங்களுக்கு எதிர்ப்பக்கத்தில், அரசு தந்த மானியம் இவ்வளவு, உறுப்பினர் தந்தது இவ்வளவு, நூலகத்திற்குச் சென்றது, பள்ளிக்குச் சென்றது, எஞ்சியது எனக் கணக்கும் அச்சாகுமாயின், ஒரு பக்கத்திற்கு மேல் ஆகாது. பொதுக்குழுவில் அதனைத் தட்டச்சுப் படியாக வழங்கி ஏற்றுக்கொள்ளப்பட்டது என்று முடிக்காமல், வரிவரியாகப் படித்து வினாவிற்கு இடம் விடுதல் அதனினும் நன்று. நூலகத்தில் நாள்தோறும் அமர்பவருக்கு எத்தனை நூல் வந்தது என்பது தெரியும். பிள்ளையைத் தமிழ் வகுப்பிற்கு அனுப்பும் தாய்க்கு ஆசிரியர் எத்தனை நாள் வந்தார் என்பது தெரியும். அவர்களே நம் தணிக்கையர். தஞ்சையில் கொடை கல்லேறியது. உத்தரமேரூரில் கணக்குக் காட்டாதவர் இருக்கை இழந்தார். கோட்கிரானாவில் ஊரே கணக்கைக் கேட்டது. இம்மூன்றையும் ஓரிடத்தில் சேர்ப்பது அரசுக்கு மட்டுமன்று, பொதுப்பணத்தில் ஒரு காசேனும் பெறும் ஒவ்வொரு மன்றத்திற்கும் உரிய கடமையாகும்.